இட்டுக்கட்டிய செய்தி யாருடைய குற்றம்?

இல்லாத ஒரு மனிதரை இருப்பதாக ஒரு நிருபர் எழுதுகிறார். செய்தி ஆசிரியர் படிக்கிறார், உதவி ஆசிரியர் செப்பனிடுகிறார், தலைப்பு வைக்கிறார்கள், முதல் பக்கத்தில் வருகிறது. சில நேரம் பரிசும் கிடைக்கிறது. பிறகு ஒருநாள் சாயம் வெளுக்கிறது. குற்றம் யாருடையது? எழுதியவருடையது என்பதுதான் சட்டென்று வாயில் வரும் பதில். ஆனால் நூறாண்டுகளுக்கும் மேலாக இதே கேள்விக்குப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் நீதிமன்றங்களும் தந்துவந்திருக்கும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

அவசரத்தில் நேரும் பிழையும் ஒருபக்கம் சாய்ந்த கருத்தும் இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. தெரிந்தே உண்டாக்கியவை மட்டும்: பேசாத பேச்சு, போகாத ஊர், பிறக்காத ஆள். இந்த எல்லைக்கோடு எல்லா இடத்திலும் நேராகப் போவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குற்றமாக எண்ணப்படாத காலம்

1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் ‘சன்’ நாளிதழ் ஆறு பகுதிகளாக ஒரு தொடர் வெளியிட்டது. வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் தென்னாப்பிரிக்காவில் நிறுவிய தொலைநோக்கி வழியே நிலவில் காடுகளையும் வௌவால் சிறகு முளைத்த மனிதர்களையும் கண்டார் என்றது தொடர். ஹெர்ஷெல் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தது உண்மை. மற்றதெல்லாம் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்ற பத்திரிகையாளரின் கற்பனை. பொய் என்று தெரிந்த பிறகும் அந்த ஒரு சென்ட் நாளிதழ் தலை கவிழவில்லை. வாசகர்களும் ஏமாற்றப்பட்டதைவிட மகிழ்விக்கப்பட்டதையே பெரிதாக எண்ணினார்கள் என்று தோன்றுகிறது.

எச். எல். மென்கென் 1917 டிசம்பரில் குளியல் தொட்டி அமெரிக்காவுக்கு வந்த வரலாறு என்று முழுக்க முழுக்கப் பொய்யான ஒரு கட்டுரை எழுதினார். அது அத்தனையும் கற்பனை என்று 1926-இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அதன் பிறகும் அந்த ‘வரலாறு’ மேற்கோளாக வலம்வந்தது. மறுப்பு பொய்யைத் துரத்திப் பிடிப்பதில்லை என்பதற்கு இணைய யுகம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இட்டுக்கட்டல் தொழில்முறைக் குற்றமாக உருவெடுப்பதற்கு முன்நிபந்தனை ஒன்று தேவைப்பட்டது. செய்தி என்பது சரிபார்க்கத்தக்க கூற்று என்ற நம்பிக்கைதான் அது. அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்களின் சங்கம் தன் நெறிமுறைகளை ஏற்றது 1923-இல். ஆக, நாம் இன்று கொள்ளும் அதிர்ச்சிக்கு வயது சற்றேறக்குறைய நூறு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1898 ஸ்பெயின் போரைத் தானே வரவழைத்துத் தருவதாக வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் தன் ஓவியருக்குத் தந்தி அடித்தார் என்ற கதை, பத்திரிகைப் பொய்க்கு எடுத்துக்காட்டாக இதழியல் வகுப்புகளில் சொல்லப்பட்டுவந்தது. அந்தத் தந்தி கிடைக்கவில்லை. அப்படியொன்று அனுப்பப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை என்று ஜோசப் கேம்பெல் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். பொய்யைக் கண்டிக்கச் சொன்ன கதையே பொய்யாக இருக்கக்கூடும்.

முதல் பதில்: ஆள் சரியில்லை

மிகப் பழைய விளக்கம் இது. நாளிதழ்களுக்கு மிகப் பிடித்தமானதும் இதுவே. 1980 செப்டம்பர் 28 அன்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ முதல் பக்கத்தில், ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவனைப் பற்றி ஜேனட் குக் எழுதிய கட்டுரை வந்தது. நகரக் காவல்துறை சிறுவனைத் தேடியது, கிடைக்கவில்லை. போதைப்பொருள் வியாபாரியின் மிரட்டல் இருப்பதால் அடையாளம் சொல்ல முடியாது என்றார் குக். 1981 ஏப்ரலில் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் முன்பு வேலை பார்த்த நாளிதழில் இருந்தவர்கள் அவருடைய படிப்பு விவரங்கள் பொருந்தாததைக் கவனித்தார்கள். நூல் பிடித்துப் போனால் பட்டமும் பொய், சிறுவனும் பொய். பரிசு திருப்பித் தரப்பட்டது.

1998-இல் ‘நியூ ரிபப்ளிக்’ வார இதழின் ஸ்டீபன் கிளாஸ் பிடிபட்டார். அவர் எழுதிய 41 கட்டுரைகளில் 27-இல் கற்பனை கலந்திருந்தது. 2003-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் ஜேசன் பிளேர். 2002 அக்டோபருக்குப் பின் எழுதிய 73 தேசியச் செய்திகளில் 36-இல் கோளாறு இருந்ததாக அந்த நாளிதழே முதல் பக்கத்தில் எழுதியது. புரூக்ளினில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸிலிருந்து எழுதுவதாகப் போட்டுக்கொண்டவர் அவர். அலுவலகப் படத்தொகுப்பைப் பார்த்து, போகாத வீடுகளின் முற்றத்தை வர்ணித்தார்.

நோய், போதை, பேராசை, பாராட்டுக்கு ஏங்கும் மனம் என்று இவர்களைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அதில் உண்மை இல்லாமலில்லை. அதே அறையில், அதே அழுத்தத்தில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் பொய் எழுதவில்லை; ஆளின் குணத்தை விட்டுவிட்டு எந்த விளக்கமும் முழுமையாகாது. ஆனால் இந்தப் பதிலுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஆளை அனுப்பிவிட்டால் அலுவலகம் சுத்தமாகிவிடும். வேறொரு கறையும் உண்டு. குக்கும் பிளேரும் கறுப்பினத்தவர்கள். உடனே, தகுதி பாராமல் சிறுபான்மையினரை வேலைக்கு எடுத்ததன் விளைவு இது என்ற வாதம் கிளம்பியது. கிளாஸ் வெள்ளையர். ‘யுஎஸ்ஏ டுடே’யில் 2004-இல் அம்பலமான ஜாக் கெல்லியும் வெள்ளையர். வெள்ளையரை வேலைக்கு எடுக்கும் முறை சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. தனிமனிதக் குணத்தை முன்வைக்கும் விளக்கம், யாருடைய குணம் என்று பார்த்து நிறம் மாறுகிறது. இதுவே அதன் பெரிய பலவீனம் என்று கருத இடமுண்டு.

இரண்டாவது பதில்: அலுவலகம் சரியில்லை

குக் விவகாரத்தை ‘போஸ்ட்’ இதழின் உள் விமர்சகராக இருந்த பில் கிரீன் விசாரித்து எழுதிய அறிக்கை 1981 ஏப்ரல் 19 அன்று வெளியானது. சக நிருபர்களின் சந்தேகம் மேலே போகவில்லை, போன சந்தேகம் மதிக்கப்படவில்லை, சிறுவன் யார் என்று ஆசிரியர்கள் கேட்கவே இல்லை என்பது அதன் சாரம். பிளேர் விவகாரத்திலும் அப்படியே. அவரை எழுதவிடக் கூடாது என்று ஓராண்டுக்கு முன்பே நகரப் பிரிவு ஆசிரியர் எழுத்தில் எச்சரித்திருந்தார். 2003 ஜூனில் தலைமை ஆசிரியர் ஹோவெல் ரெய்ன்ஸும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஜெரால்டு பாய்டும் பதவி விலகினார்கள்.

இந்த வழி வாதிடுபவர்கள் நட்சத்திர நிருபர் கலாச்சாரம், பரிசு மோகம், கீழிருப்பவர் மேலே பேச முடியாத இறுக்கம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டுவார்கள். தீர்வுகளும் அங்கிருந்தே வந்தன: சரிபார்ப்புப் பிரிவு, வாசகர் சார்பில் இதழையே கேள்வி கேட்கும் பதவி. ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்தப் பதவியை 2003-இல் உருவாக்கி 2017-இல் ஒழித்தது. சென்னையில் ‘தி இந்து’ 2006-இல் வாசகர் ஆசிரியர் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது.

அலுவலகத்தைச் சீர்செய்தால் பொய் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு மிகப் பெரிய அடி 2018 டிசம்பரில் ஜெர்மனியிலிருந்து வந்தது. ‘டெர் ஷ்பீகல்’ வார இதழின் சரிபார்ப்புப் பிரிவில் சுமார் 60 பேர் வேலை பார்த்தார்கள். உலகத்தில் அதற்கு நிகரானவை மிகச் சில. அந்தப் பிரிவைக் கடந்துதான் கிளாஸ் ரெலோட்டியஸ் பல ஆண்டுகளாகக் கற்பனை மனிதர்களை அச்சேற்றினார். ஸ்டீபன் கிளாஸ் விவகாரத்தில் இதைவிடக் கொடுமை: ‘நியூ ரிபப்ளிக்’ இதழின் சரிபார்ப்புப் பிரிவையே அவர் ஒரு காலத்தில் நடத்தியிருந்தார்.

காரணம் எளிது. சரிபார்ப்பவர் ஊரின் பெயரையும் மக்கள்தொகையையும் ஆண்டையும் எழுத்துப்பிழையையும் பார்ப்பார். ஒரு சமையலறையில் இருவர் மட்டும் பேசிக்கொண்டதற்கு ஆதாரம் நிருபரின் குறிப்பேடுதான். குறிப்பேட்டையே பொய்யாக எழுதிவைத்தவரிடம் அந்த முறை தோற்றுப்போகிறது. ஸ்டீபன் கிளாஸ் குறிப்பேட்டோடு நிற்கவில்லை. இல்லாத கம்பெனிக்கு இணையதளமும் குரல் அஞ்சலும் வைத்திருந்தார். சரிபார்ப்பு பிழைக்கு எதிரான ஏற்பாடு. அதைப் பொய்க்கு எதிரான ஏற்பாடாக எண்ணியதுதான் இந்தப் பதிலின் கோளாறு.

மூன்றாவது பதில்: வடிவமே பொய்யைக் கேட்கிறது

‘நியூயார்க்கர்’ இதழில் ஜோசப் மிட்செல் எழுதிய மீன்சந்தைக் கிழவர் ஃபிளட், பலரைச் சேர்த்துப் பிசைந்த ஒருவர்; நூலாக வந்தபோது மிட்செலே அதைச் சொன்னார். ட்ரூமன் கபோட்டி தன் ‘இன் கோல்டு பிளட்’ முழுக்க உண்மை என்றார். 1966-இல் நூல் வந்த ஆண்டிலேயே பொருந்தாத இடங்களை ஒரு விமர்சகர் பட்டியலிட்டார், கடைசிக் கல்லறைக் காட்சி கற்பனை என்பது பின்னர் உறுதியானது. போலந்தின் ரிஷார்ட் கபுஷ்சின்ஸ்கி நிருபராகக் கண்டதையும் கதைசொல்லியாகச் சேர்த்ததையும் பிரிக்காமல் எழுதினார் என்று அவருடைய சீடரான ஆர்தர் டொமொஸ்லாவ்ஸ்கி 2010-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு காட்டியபோது, அந்நாட்டில் பெரும் சர்ச்சை எழுந்தது.

இவர்களை இலக்கியவாதிகள் என்று மன்னிப்பவர்களும், நிருபர் என்ற பெயரில் எழுதியதால் மன்னிக்க முடியாது என்பவர்களும் இன்றுவரை உண்டு. ஜான் ஹெர்ஸி 1980-இல் எழுதிய கட்டுரை இரண்டாவது தரப்பின் சாசனம்: நிருபர் விட்டுவிடலாம், சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வாசகர் நம்புவதற்கு எதுவும் மிஞ்சாது. சுவையான செய்தி என்னவென்றால், பலரை ஒருவராக்கிய பாத்திரத்தை ஹெர்ஸியும் போர்க்காலத்தில் எழுதியிருந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல், ஜேனட் மால்கம் எழுதிய கட்டுரை தொடர்பான வழக்கில் இன்னும் நெகிழ்வான கோட்டைப் போட்டது: மேற்கோளின் சொற்களை மாற்றுவதே அவதூறாகாது, பொருளைக் கணிசமாக மாற்றினால்தான் ஆகும். சட்டம் பொறுத்துக்கொள்வதைத் தொழில் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து சொன்னதில்லை.

இந்த விளக்கம் ரெலோட்டியஸுக்கு அழகாகப் பொருந்துகிறது. திரைப்படம்போல் தொடங்கி, சரியான இடத்தில் பாட்டு ஒலித்து, நாயகன் மௌனமாகும் இடத்தில் முடியும் ரிப்போர்ட்டாஜ் வடிவத்தைப் பரிசுக் குழுக்கள் கொண்டாடின. வாழ்க்கை அப்படி வாகாக அமையாது. குக்குக்கும் இது பொருந்தும். பிளேருக்குப் பொருந்தாது, அவர் எழுதியவை பெரும்பாலும் சாதாரண நாளிதழ்ச் செய்திகள்.

நான்காவது பதில்: நம்ப ஆசைப்பட்டது

1920 ஆகஸ்டில் வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரஷ்யப் புரட்சி பற்றி மூன்று ஆண்டுகளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட செய்திகளை வரிசையாக வைத்து எண்ணினார்கள். போல்ஷெவிக் ஆட்சி விழப்போகிறது அல்லது விழுந்துவிட்டது என்ற பொருளில் 91 முறை செய்தி வந்திருந்தது. சதி ஏதும் தேவைப்படவில்லை. நிருபரும் ஆசிரியரும் எதை விரும்பினார்களோ அதுவே செய்தியாகியது என்பது அவர்கள் முடிவு. அந்த ஆய்வு வெளியான இதழ் ‘நியூ ரிபப்ளிக்’. 78 ஆண்டு கழித்துக் கிளாஸ் வேலை பார்த்த அதே இதழ்.

பின்னால் வந்த விவகாரங்களுக்கு இந்தப் பழைய பதில் வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. குக் எழுதியது, வாஷிங்டனின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பைப் பற்றி வசதியான ஆசிரியர்கள் ஏற்கெனவே வைத்திருந்த படம். ரெலோட்டியஸ் 2017-இல் மினசோட்டாவின் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரைப் பற்றி எழுதினார்: ஊர் எல்லையில் மெக்சிகோக்காரர்களை விரட்டும் பலகை, ஒரே போர்ப்படம் ஆண்டுக்கணக்கில் ஓடும் திரையரங்கு. ட்ரம்புக்கு வாக்களித்த அமெரிக்கா எப்படி இருக்கும் என்று ஹாம்பர்க்கின் ‘ஷ்பீகல்’ அலுவலகத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்களோ அப்படியே இருந்தது அந்த ஊர். பலகையும் இல்லை, படமும் ஓடவில்லை. பொய் எழுதுபவர் ஆசிரியரின் மனத்தை அளவெடுத்துத் தைக்கிறார். அளவு சரியாக இருக்கும்போது தையலை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

‘ரோலிங் ஸ்டோன்’ 2014-இல் வெளியிட்டு 2015-இல் திரும்பப் பெற்ற பல்கலைக்கழகப் பாலியல் வன்முறைக் கட்டுரையில் நிருபர் எதையும் இட்டுக்கட்டவில்லை. ஒருவர் சொன்னதை நம்பினார். கொலம்பியா இதழியல் பள்ளி நடத்திய விசாரணை காட்டியது, கேட்டிருக்க வேண்டிய எளிய கேள்விகள் கேட்கப்படவில்லை என்பதை. பொய்க்கும் பிழைக்கும் நடுவில் உள்ள இந்த நிலத்தை முதல் மூன்று பதில்களும் தொடுவதில்லை, நான்காவது தொடுகிறது.

இதற்கும் குறை இல்லாமலில்லை. முதலாவது, நம்ப ஆசை எல்லா நாளும் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. எந்நேரமும் இருக்கும் ஒன்று எப்போதாவது நடப்பதை விளக்கிவிடாது. இரண்டாவது, வால்டர் டுராண்டி. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் மாஸ்கோ நிருபர். 1933 மார்ச்சில் வேல்ஸ் நாட்டு இளைஞர் கேரத் ஜோன்ஸ் உக்ரைன் கிராமங்களில் நடந்து பார்த்துப் பஞ்சத்தை எழுதியபோது, பட்டினிச் சாவு இல்லை என்று உடனே மறுத்தவர். அவருக்கு 1932-இல் தந்த புலிட்சரைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கையை 2003-இல் குழு நிராகரித்தது. பரிசுக்குரிய கட்டுரைகள் 1931-இல் வந்தவை, அவற்றில் திட்டமிட்ட ஏமாற்று இருந்ததற்குத் தெளிவான ஆதாரமில்லை என்றது. 1920-இல் ரஷ்யாவின் வீழ்ச்சியை நம்ப விரும்பிய அதே நாளிதழ், பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் அதற்கு நேரெதிரான பொய்யை அச்சிட்டிருக்கிறது. அலுவலகத்தின் ஆசையைவிட, மாஸ்கோவில் தங்கியிருக்க அனுமதி தேவைப்பட்ட ஒரு நிருபரின் தேவை இங்கே கூடுதலாக வேலை செய்திருக்கலாம்.

இந்தியாவுக்கு இவை பொருந்துமா

மேலே கண்ட பதில்கள் எல்லாம் ஒரு படத்தை முன்வைத்துப் பேசுகின்றன: நேர்மையான நிறுவனம், அதை ஏமாற்றும் நிருபர். இந்தியாவில் அதிகம் விவாதிக்கப்பட்ட மோசடி வேறு வகை. 2009 தேர்தல்களில் வேட்பாளர் காசு கொடுத்து, விளம்பரம் என்ற குறிப்பில்லாமல் செய்தியாகவே போடவைத்த ‘பெய்டு நியூஸ்’. மகாராஷ்டிரத்தில் போட்டி நாளிதழ்களில் ஒரே கட்டுரை சொல் மாறாமல் வந்ததை பி. சாய்நாத் வெளிக்கொணர்ந்தார். பிரஸ் கவுன்சில் அமைத்த இருவர் குழு 2010-இல் 71 பக்க அறிக்கை தந்தது. பெயர்கள் அடங்கிய அந்த முழு அறிக்கையை வெளியிடாமல் கவுன்சில் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. மத்திய தகவல் ஆணையத்தின் ஆணைக்குப் பிறகே 2011-இல் முழுமையும் வெளிவந்தது. இங்கே பொய் சொன்னது நிர்வாகம். நிருபர் வெறும் கருவி. ‘ஆள் சரியில்லை’ என்ற பதிலுக்கு இதில் இடமே இல்லை.

தமிழில் இதற்குத் தலைகீழான ஒரு முன்னோடி உண்டு. 1940-களில் ‘இந்து நேசன்’ நடத்திய லட்சுமிகாந்தன், எழுதுவதற்கு அல்ல, எழுதாமலிருப்பதற்குத் திரையுலகினரிடம் பணம் வாங்கினார் என்று சொல்லப்பட்டது. 1944-இல் அவர் கொலையுண்டு, தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947-இல் விடுதலையான கதை நம் நினைவில் நிற்கிறது. அந்த இதழ் எழுதியவற்றில் எது மெய், எது பொய் என்ற கேள்வி நிற்கவில்லை.

முழுப் புனைவும் நடந்திருக்கிறது. 2007-இல் தில்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான தொழிலில் தள்ளுவதாக ஒரு தொலைக்காட்சி ‘ரகசிய கேமரா’ நிகழ்ச்சி காட்டியது. கும்பல் அவரைத் தாக்கியது. மாணவியாகத் தோன்றியவர் மாணவியே அல்ல. அந்த அலைவரிசைக்கு ஒரு மாதத் தடை விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பரவிய செய்தியில், தொடர்பில்லாத பழைய வன்முறைக் காட்சிகள் ஒட்டப்பட்டிருந்தன. சமூக ஊடகத்தில் தொடங்கியதை இந்தி நாளிதழும் எடுத்துக்கொண்டது. பீகார் அரசு குழு அனுப்பியது, தமிழ்நாடு காவல்துறை காணொளி வழியே மறுத்து வழக்குகள் பதிந்தது. மொழியும் தொலைவும் சந்தேகமும் ஏற்கெனவே இருந்த இடத்தில் பொய் வேரூன்றியதால், லிப்மனின் பதில் இங்கே ஓரளவு நிற்கும். ஆனால் நம்ப ஆசைப்பட்டவர் ஆசிரியர் மட்டுமல்ல, காணொளியை அனுப்பிக்கொண்டிருந்த வாசகரும்தான்.

பிடிபடும் விதம்

எல்லாப் பதில்களையும் சோதிக்க ஒரு வழி, இவர்கள் எப்படி மாட்டினார்கள் என்று பார்ப்பது. குக்கைக் காட்டிக்கொடுத்தது பழைய அலுவலகம். கிளாஸின் கற்பனைக் கம்பெனியைத் தேடிக் காணாதவர் ‘ஃபோர்ப்ஸ்’ இணையப் பிரிவின் நிருபர். பிளேரின் எழுத்துத் திருட்டைக் கண்டது இன்னொரு நாளிதழ். ரெலோட்டியஸை அம்பலப்படுத்திய ஹுவான் மொரேனோ, ஒப்பந்தத்தில் எழுதிய சக நிருபர். ரெலோட்டியஸ் பேட்டி கண்டதாக எழுதியவர்களைத் தானே தேடிப் போய்ப் பார்த்தார். அலுவலகம் முதலில் சந்தேகப்பட்டது மொரேனோவைத்தான். பெரும்பாலும் வெளியாளோ விளிம்பில் இருப்பவரோ கண்டுபிடிக்கிறார்.

செய்தியில் இடம்பெற்ற மனிதர்களுக்கு முதல் நாளே உண்மை தெரியும். இராக் போரில் பிடிபட்டு மீண்ட படைவீரர் ஒருவரின் வீட்டு முற்றத்திலிருந்து புகையிலைத் தோட்டம் தெரிவதாகப் பிளேர் எழுதினார். அந்த வீட்டார் படித்துச் சிரித்துக்கொண்டார்களே தவிர நாளிதழுக்குச் சொல்லவில்லை. சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நினைத்தார்கள். இந்தத் துறையில் எழுதப்பட்ட அறிக்கைகளில் என்னை அதிகம் உறுத்துவது இந்தச் சிறு தகவல்தான். பத்திரிகை என்றால் இப்படித்தான் எழுதும் என்று மக்கள் முன்பே முடிவுகட்டியிருந்தார்கள்.

திறந்திருக்கும் கேள்விகள்

நான்கு பதில்களில் எதுவும் தனியாக நிற்கவில்லை. நான்காவது கூடுதல் இடங்களில் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். அதற்கும் ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது. 2025 மே மாதம் ‘சிகாகோ சன் டைம்ஸ்’ இணைப்பிதழ் வெளியிட்ட கோடைகால வாசிப்புப் பட்டியலில் 15 நூல்கள். அவற்றில் பெரும்பாலானவை எழுதப்படவே இல்லை. உண்மையான எழுத்தாளர்களின் பெயரில் செயற்கை நுண்ணறிவு உண்டாக்கிய தலைப்புகள். தயாரித்தவர் சரிபார்க்கவில்லை, வாங்கிப் போட்டவர்களும் பார்க்கவில்லை. ஏமாற்ற நினைத்தவர் என்று இங்கே யாரும் இல்லை. உள்நோக்கத்தை வைத்தே இட்டுக்கட்டலை வரையறுத்துவந்த மரபு இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. கவனக்குறைவு என்றால் தண்டனை இலேசாகிவிடுகிறது. மோசடி என்றால் மோசடிக்காரரைக் காட்ட வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் மாதிரியில் இருக்கிறது. நாம் அறிந்தவர்கள் அனைவரும் பிடிபட்டவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பணபலமுள்ள ஆங்கில, ஜெர்மன் இதழ்களில் எழுதியவர்கள். பிடிபட்ட பிறகு அந்த இதழ்கள் தம்மைத் தாமே விசாரித்துப் பக்கம் பக்கமாக அச்சிட்டன. அத்தகைய உள்விசாரணை அறிக்கை இந்திய மொழி இதழியலில் வழக்கமாகவில்லை. மறுப்பு என்றால் உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தோடு முடிந்துவிடும். ஃபெர்கஸ் ஃபால்ஸ் மக்களுக்கு ஆங்கிலமும் இணையமும் இருந்தன, ஊரைப் பற்றிய பொய்களை எண்ணிட்டு மறுத்தார்கள். எந்த மொழியில் தன்னைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த மொழியே தெரியாத மனிதரைப் பற்றிய பொய்கள் எத்தனை அச்சாகியிருக்கும் என்பதை, பிடிபட்டவர்களின் கோப்புகளைக் கொண்டு மதிப்பிட வழியில்லை.